தொட்டிக்கரிக்குள் 37 சென்ட்

கரியும் காற்றும் – 9

சென்ற வாரம் பூளவாடிப் பக்கத்துக் காற்றாலை ஒன்றின் உச்சியில், இறக்கைகள் பொருந்தும் குடத்தோடு நிறுத்தியிருந்தேன். லைன் சட்டென்று போய்விட்டால் இறக்கைகளைத் திருப்பிக் காற்றிலிருந்து விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழற்சி கைமீறிவிடும். அந்தச் சில நொடிகளுக்கான மின்சாரத்தைச் சில மாடல்களில் பேட்டரி தருகிறது, சிலவற்றில் சூப்பர் கெபாசிட்டர் தருகிறது. பழைய காற்றாலைகளில் இரண்டும் கிடையாது.

சூப்பர் கெபாசிட்டரின் வயிற்றுக்குள் இருப்பது கரி. அதிலும் பெரும்பாலும் தேங்காய்த் தொட்டிக் கரி. மற்ற ஊர்க்காரர்களுக்கு: தொட்டி என்றால் கொட்டாங்குச்சி.

உடுமலைக்கு வெளியே ஒரு கரிக் களத்துக்குப் போனேன். பனியன் கம்பெனிக்காரர்கள் துணியை விரித்துக் கண்ணிகளை எண்ணுவார்களே, அந்த மடக்குக் கண்ணாடியை நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தேன். குழியில் தொட்டியைப் போட்டுக் கொளுத்தி, எரிய எரிய மேலே கொட்டி நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிவிடுகிறார்கள். நூறு கிலோ தொட்டி போட்டால் முப்பது கிலோ கரி தேறுவதே பெரிய காரியம். மிச்சமெல்லாம் புகை. ஆறிய குழியிலிருந்து ஒரு சில்லை எடுத்து, உடைந்த ஓரத்தில் கண்ணாடியை வைத்தேன். தார் பூசியது போன்ற பளபளப்பு, நடுவே மெல்லிய கோடுகள். அவ்வளவுதான். பக்கத்தில் கூடை தூக்கி நின்ற அம்மா, “ஏனுங்க, கரியில நூலு எண்ணறீங்களா?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எண்ண வேண்டியது உள்ளே நிறைய இருக்கிறது. கண்ணாடிக்குத்தான் எட்டவில்லை.

இந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் வைத்து நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியை அணு அணுவாகத் தின்று, வாயுவாக்கிக்கொண்டு போகும். தின்ற இடமெல்லாம் ஓட்டை. அப்படி வருவதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். அதில் ஒரு துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பது சுலபம். பருத்தி இழை என்றால் மேலே பொன் பூச வேண்டும். கரி தானே மின்சாரம் கடத்துவதால் பசை நாடாவில் ஒட்டினாலே போதும். சில நூறு மடங்கு பெருக்கினால், மரத்தில் காய்த்திருந்தபோது தொட்டிக்குள் ஓடிய குழாய்கள் வெந்த பிறகும் வரிசை குலையாமல் நிற்பது தெரியும். பார்க்க அழகு. ஆனால் மின்சாரம் தங்குகிற இடம் அதுவல்ல. அது தங்கும் துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறைவானவை.

அவற்றைத் தேடி, எலக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்லும் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும். அங்கே தெரிவதை நம்ம ஊர் பாஷையில் சொன்னால், பனியன் வேஸ்ட் மூட்டை. கிராஃபைட் என்பது கட்டிங் மேசையில் படிய அடுக்கிய துணி. தொட்டிக்கரியோ கசங்கிய துண்டுகளை மூட்டையில் திணித்தது மாதிரி. துண்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகள்தான் துளைகள். சில வகைக் கரியை 3,000 டிகிரிக்குச் சுட்டாலும் கிராஃபைட்டாக அடுக்கவே முடியாது என்று 1951-இல் எக்ஸ்ரே கொண்டு காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், டி.என்.ஏ. படத்தால் நாம் அறிந்த அதே பெண்மணி. ஏன் கசங்குகிறது என்பதற்கு விடை வரத் தாமதமாயிற்று. 2008-இல் பீட்டர் ஹாரிஸும் ஜப்பானியக் கூட்டாளிகளும் ஆக்டிவேட்டட் கார்பனை அணு அளவில் படமெடுத்தபோது, அறுகோணங்களுக்கு நடுவே ஐங்கோண வளையங்கள் தெரிந்தன. ஐங்கோணம் நுழைந்தால் தாள் வளைந்துதானே ஆக வேண்டும்?

ஆனாலும் படத்தை முழுக்க நம்பக்கூடாது என்பது என் கட்சி. வேஸ்ட் மூட்டையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஒன்றன் மேல் ஒன்று விழுந்த நிழல்களே நெசவு போலத் தெரியும். துளைகளின் கணக்குக்கு நைட்ரஜன்தான் சரி. மைனஸ் 196 டிகிரியில் கரி எவ்வளவு நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது என்று அளந்து பரப்பைக் கணக்கிடும் வழியை புருனோவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938-இல் தந்தார்கள். நல்ல தொட்டிக்கரி என்றால் கிராமுக்குச் சுமார் 1,500 சதுர மீட்டர். நம் கணக்கில் 37 சென்ட். மூன்று கிராம் கரிக்குள் ஓர் ஏக்கருக்கும் மேல்!

அந்த நிலத்தில்தான் அயனிகள் வந்து ஒட்டுகின்றன, விலகுகின்றன. பேட்டரியில் நடப்பது போன்ற வேதிமாற்றம் இல்லாததால் லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். துளை ரொம்பச் சின்னதானால் அயனி நுழையாது என்று நினைத்திருந்தார்கள். 1 நானோமீட்டருக்கும் குறுகிய துளையில் அயனி தன் மேலிருக்கும் கரைப்பானைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறது, சேமிப்பும் கூடுகிறது என்று 2006-இல் தெரியவந்தது.

இத்தனை நுணுக்கமும் துளையில்தான். களத்திலோ கரியை லாரியில் ஏற்றி, எடை போட்டு விலை பேசுகிறார்கள். புகையும் கிணற்றில் இறங்கும் கருந்தண்ணீரும் நமக்கு. கெபாசிட்டர் தரத்துக்கு அதே தொட்டியைச் செதுக்கி விற்பதில் முன்னே நிற்பது ஜப்பானின் குராரே நிறுவனம்.

காரைக்குடியில் 1953 முதல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பழனி, திண்டுக்கல் வழியாகப் போனால் ஒரு பகல்கூட ஆகாது. களம் வைத்திருப்பவர்கள் யாராவது ஒரு கிலோ கரியைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தால், என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

(தொடரும்)