பழைய காருக்குப் புது பிளக்: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

ஜனவரி மாதத்துக் கடுங்குளிர் இரவு. ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர். அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. ஊருக்குத் திரும்பும் தாயாரைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட வேண்டும். வாசலில் நிற்கும் பழைய ஆல்டோ முனகுகிறதே தவிர, கிளம்புவதாயில்லை. கடைசியில் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். ரயில் கிடைத்தது தாயார் செய்த புண்ணியம்!

பத்து நாட்களுக்கு முன்புதான் அந்த வண்டிக்கு மூன்று பிளக்கும் புதிதாகப் போட்டிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் மூன்றும் அடுப்புக்கரி. காரணம் என்ன? பழைய என்.ஜி.கே. பிளக்கில் 5 என்று இருந்தது. மெக்கானிக் அதே 5 என்ற எண் உள்ள வேறொரு கம்பெனி பிளக்கை வாங்கி மாட்டிவிட்டார். தவறு அங்கேதான்.

எண்ணில் உள்ள சூட்சுமம்

ஸ்பார்க் பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினாலோ, பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டன் பழுதாகும். சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுவது ‘கோல்ட்’ பிளக். தேக்கி வைப்பது ‘ஹாட்’ பிளக்.

என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் ‘கோல்ட்’. பாஷ் பிளக்கிலோ எண் குறைந்தால்தான் ‘கோல்ட்’! என்.ஜி.கே. 5-க்கு நிகரானது பாஷில் ஏறத்தாழ 8, டென்சோவில் 16. ஆகவே எண்ணுக்கு எண் பொருத்தாதீர்கள். ஒப்பீட்டு அட்டவணையைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

நீளம் தப்பினால் என்ஜின் போச்சு

மரை விட்டம் பல கார்களில் 14 மில்லிமீட்டர். மரையின் நீளம் 19 ஆகவும் இருக்கலாம், 12.7 ஆகவும் இருக்கலாம். நீளம் கூடினால் பிளக் பிஸ்டனில் இடிக்கும்; சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் முடியும். குறைந்தால் பொறி உள்ளே எட்டாது. காலியான மரையில் கரி படியும்.

உதாரணமாக, பி.பி.ஆர்.5.இ.எஸ். என்ற என்.ஜி.கே. பிளக்கில் ‘பி’ 14 மில்லிமீட்டர் மரை. அடுத்த ‘பி’ நீண்ட முனை. ‘ஆர்’ ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ரெசிஸ்டர். 5 சூட்டு எண். ‘இ’ 19 மில்லிமீட்டர் நீளம். ஓர் எழுத்து மாறினாலும் பிளக் வேறு.

முனைகளின் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கார் புத்தகத்தில் உள்ள அளவே சரி. தில்லியில் பலர் சி.என்.ஜி.யில் ஓட்டுகிறார்கள். இந்த வாயுவைப் பற்றவைக்க அதிக வோல்ட்டேஜ் தேவை. பிளக் சீக்கிரம் தேயும். பெட்ரோல் கணக்கை நம்பி இராமல் முன்னதாகவே சோதியுங்கள்.

இரிடியம் வேண்டுமா?

நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் உருகச் சுமார் 2,450 டிகிரி வேண்டும். அதனால் இரிடியம் பிளக் பல மடங்கு உழைக்கும்; விலையும் அப்படியே. கம்பெனி இரிடியம் போட்டிருந்தால் அதையே போடுங்கள். சாதாரண பிளக் வந்த வண்டியை இன்னும் ஓரிரு ஆண்டுதான் வைத்திருப்பீர்கள் என்றால், சாதாரணமே போதும்.

காஷ்மீரி கேட் போகுமுன்

பழைய பிளக்கையும் கார் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மலிவு என்று போலியை வாங்காதீர்கள், பில் கேளுங்கள். எழுத்து மங்கலாகவோ நடுமுனை கோணலாகவோ இருந்தால் வேண்டாம். எல்லா பிளக்கையும் ஒன்றாக மாற்றுங்கள். என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். புதியதை முதலில் கையால் திருகி, பிறகே ஸ்பானர்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள். அது வண்டியின் நாடி. இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் ‘கோல்ட்’. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு அதிகம். நோய் என்ஜினில் இருக்க, புது பிளக் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று: தில்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2025-இல் தளர்வும் அளித்தது. எனவே பதிவுத் தேதியைப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். சரியாக எரியாத என்ஜின் புகைச் சோதனையிலும் தோற்கும். புகைச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம்!

நமது குமாஸ்தா இப்போது சரியான பிளக்கைப் போட்டுவிட்டார். குளிரிலும் முதல் சாவிக்கே வண்டி கிளம்புகிறது. அவர் செய்த செலவு, அன்றைய ஆட்டோக் கூலியைவிடச் சற்றே அதிகம்.