கடிதத்தை விரித்து வைத்த அரசன்

சென்ற வாரம் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் வியாகுலத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய எருசலேமுக்குப் போவோம்.

கி.மு. 701. அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். அரண் சூழ்ந்த 46 நகரங்களை வென்றதாகவும் எசேக்கியா அரசனை எருசலேமுக்குள்ளேயே அடைத்துவைத்ததாகவும் அவன் எழுதிவைத்த களிமண் சாசனம் இன்றும் இருக்கிறது. லாகீசு நகரம் வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கவைத்தான். அந்தக் கற்பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிள்ளைகுட்டிகளோடும் மூட்டைமுடிச்சுகளோடும் ஊரைவிட்டு வெளியேறும் குடும்பங்களை அவற்றில் பார்க்கலாம்.

எசேக்கியாவின் பயம் வீண் பயமல்ல என்று சொல்லவே இதையெல்லாம் எழுதுகிறேன். கவலைப்படுகிறவர்களிடம் “ஒன்றும் ஆகாது, விசுவாசமாயிரு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எசேக்கியாவிடம் யாராலும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஆகக்கூடியது அடுத்த ஊர்வரை வந்துவிட்டது.

அவன் சும்மாவும் இருக்கவில்லை. முற்றுகையில் தண்ணீர் இல்லாமல் போகக்கூடாதென்று பாறையைக் குடைந்து, 500 மீட்டருக்கும் அதிகமான நீளத்தில் சுரங்கம் வெட்டி ஊற்றுநீரை நகருக்குள் கொண்டுவந்தான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பம் கட்டினான். அதற்காக ஆலயக் கதவுகளில் இருந்த பொன்னையே உரித்துக் கொடுத்தான். அப்படியும் படை வந்தது. அசீரியத் தளபதி மதிலுக்கு வெளியே நின்று, மேலே இருந்த சாதாரண மக்களுக்கும் புரியும்படி அவர்கள் பாஷையிலேயே மிரட்டினான்.

அதைக் கேட்டதும் எசேக்கியா உடைகளைக் கிழித்துக்கொண்டு இரட்டு உடுத்தி ஆலயத்துக்குப் போனான். அங்கே அவன் என்ன ஜெபித்தான் என்று வேதாகமம் சொல்லவில்லை. ஜெபிக்கச் சொல்லி ஏசாயா தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பினான் என்று மட்டும் சொல்கிறது. நாமும் அப்படித்தானே? “ரொம்ப பாரமா இருக்கு ஐயா, ஜெபிச்சுக்கோங்க” என்று போதகரிடம் சொல்கிறோம். அதில் தவறில்லை, சொந்த வாயில் வார்த்தை வராத நேரங்கள் உண்டு.

பிறகுதான் சனகெரிப்பிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. நீ நம்பும் தெய்வம் உன்னை ஏமாற்றும். மற்ற நாடுகளுக்கு நேர்ந்ததைப் பார். உனக்கு மட்டும் தப்பு வழி எங்கே இருக்கிறது? சாரம் இவ்வளவுதான். நள்ளிரவில் தூக்கம் கலைந்தவர்களுக்கு இந்தக் கடிதம் நன்றாகத் தெரியும். அவரவர் மனமே இதை எழுதி அவரவருக்கே வாசித்துக் காட்டும்.

எசேக்கியா அதை வாங்கி வாசித்தான், ஆலயத்துக்குப் போனான், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். இரண்டாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் உள்ள இந்தச் செயலைவிடத் தெளிவான ஜெபப் பாடத்தை நான் வேதாகமத்தில் கண்டதில்லை. அவன் கடிதத்தைக் கிழித்து எறியவில்லை. அதை மறக்க முயன்று துதிப்பாடலும் தொடங்கவில்லை. மிரட்டிய அதே வரிகளைக் கடவுள் பார்க்கும்படி வைத்தான். பின்பு வாய் திறந்தான்.

அந்த ஜெபம் ஐந்தே வசனங்கள். முதலில், யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சொல்கிறான்: வானத்தையும் பூமியையும் படைத்தவர். அடுத்து, கேளும், பாரும் என்று மன்றாடுகிறான். அதன்பின், அசீரியர் பல தேசங்களை நாசமாக்கியது உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறான். கடிதத்தில் இருந்த மெய்யை மறுக்கவில்லை. ஆனால் அழிந்த அந்தத் தெய்வங்கள் மனிதன் செய்த மரமும் கல்லும் என்று, கடிதத்தில் இருந்த பொய்யை அங்கேயே பிரித்துவிடுகிறான். கடைசியில்தான், எங்களை இரட்சியும் என்ற விண்ணப்பம்.

தனக்குள் பேசிக்கொண்டே இருந்திருந்தால் இந்தப் பிரிப்பு நடந்திருக்காது. மனம் தன்னோடு பேசும்போது பாதி வாக்கியங்களில் பேசும்: “ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்…” அதற்கு முடிவே கிடையாது. எல்லாம் அறிந்த ஒருவரிடம் சொல்லும்போது வாக்கியத்தை முடித்தாக வேண்டும், மிகைப்படுத்தவும் வழியில்லை. “ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன வருமோ” என்று நூறு முறை உள்ளே ஓடுவதை ஒருமுறை, “ஆண்டவரே, நாளை வரும் ரிப்போர்ட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது, பிள்ளைகள் சின்னவர்கள்” என்று சொல்லிப் பாருங்கள். பயம் உடனே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது ரிப்போர்ட்டைப் பற்றிய பயம், எது பிள்ளைகளைப் பற்றிய பாரம் என்று தெரிந்துவிடும். இரண்டையும் தனித்தனியாக ஒப்படைக்க முடியும்.

எருசலேம் பிழைத்தது. அதைப் பிடித்ததாகச் சனகெரிப்பின் சாசனமும் சொல்லவில்லை. ஆனால் லாகீசு பிழைக்கவில்லை. அங்கேயும் ஜெபித்த தாய்மார்கள் இருந்திருப்பார்கள். இதை மறைத்துவிட்டு எசேக்கியாவின் வெற்றியை மட்டும் பேசுவது சரியல்ல. பதில் வராதவர்களுக்காகவும் வேதாகமத்தில் ஜெபம் இருக்கிறது: 88ஆம் சங்கீதம் ஆறுதலுக்கு வராமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமென்றே யூதரும் கிறிஸ்தவரும் காத்துவந்திருக்கிறார்கள். விடுதலை கிடைக்காத இடத்திலிருந்தும் கடவுளிடம் பேசலாம் என்பதற்கு அதைத் தவிர வேறு அனுமதி தேவையில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வேலை ஓடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எசேக்கியா கதையின் அடுத்த அதிகாரத்தைக் காட்டுங்கள். எசேக்கியா சாகும் தறுவாயில் அழுது ஜெபித்தான். குணமாவாய் என்று கடவுளின் வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து அவன் பிளவையின்மேல் போடச் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

இந்த வாரம் உங்களை அதிகம் அலைக்கழிக்கும் ஒரு நினைவை, அது மனத்தில் ஓடும் அதே வார்த்தைகளில் ஒரு தாளில் எழுதுங்கள். அழகாக்க வேண்டாம், வசனத்தால் மூட வேண்டாம். அதை முன்னால் வைத்துக்கொண்டு, “ஆண்டவரே, இதைப் பாரும்” என்று ஆரம்பியுங்கள். அடுத்த வாரம், சத்தமே வராமல் ஜெபித்ததால் குடிவெறியில் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட அன்னாளைச் சந்திப்போம்.