உப்பளத்தில் ஒரு தொடக்கக் காட்சி

எந்த இடம், யாருடைய கதை, ஏன் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதை ஒரு படம் தன் முதல் இரண்டு நிமிடங்களிலேயே உணர்த்திவிட வேண்டும். முழுப் படத்தையும் எடுக்கப் புறப்படும் மாணவர் குழு பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். தொடக்கக் காட்சி மட்டும் என்றால் ஒரு மாதத்தில் முடியும். படப்பிடிப்பின் எல்லா நுட்பங்களும் அதற்குள்ளேயே வந்துவிடும். 2022 முதல் சிறார் திரைப்படத் திருவிழாவில் படம் பார்த்து விவாதித்துவரும் நம் மாணவர்களுக்கு இது அடுத்த படி. நான் அறிவியல் ஆசிரியர். கேமரா எனக்கும் புதிதுதான். 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ராவும் அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கியவர் அல்லர் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.

மரக்காணம் உப்பளம் கேமராவுக்கு எளிதான இடமன்று. கைபேசிக் கேமரா, காட்சியில் உள்ள ஒளியின் சராசரியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுகிறது. திரை முழுதும் வெள்ளை உப்பு நிறைந்திருந்தால், ஒளி அதிகம் என்று கருதித் தானாகவே குறைத்துவிடும். உப்பு அழுக்கு நிறமாகவும் மனித முகம் கரியாகவும் பதிவாகும். பெரும்பாலான கைபேசிகளில் திரையில் முகத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டப்படும். பிறகு விரலைக் கீழே இழுத்து ஒளியைச் சற்றுக் குறைக்க வேண்டும். வெயில் ஏறிய பின் இதுவும் போதாது. காலை ஏழு மணி வாக்கில் சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது எடுத்த காட்சிகளே தேறின. அந்நேரத்தில் உப்புக் குவியலே ஒளித்திருப்பியாக நின்று முகத்தின் நிழல் பக்கத்தை நிரப்பியது. ஒளி எதிரொளிப்புப் பாடத்தை அன்று தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

குழுவில் ஒரு மாணவியின் தாய் உப்பு வாரும் தொழிலாளி. படம் அவரைப் பற்றியது என்று மாணவர்கள் முடிவு செய்தார்கள். அவரோ, “முகம் வேணாம் சார், கையை எடுத்துக்கட்டும்” என்றார். அது அவர் உரிமை. படமெடுக்கும் யாருக்கும் இதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதனால் அண்மைக் காட்சிகளாகவே திட்டமிட்டோம்: பலகையை இழுக்கும் கை, வெடித்த பாதம், பாத்தியில் அசையும் நிழல். அகன்ற காட்சி ஒன்றே ஒன்று. மகளின் முகத்தை மட்டும் காட்டினோம்.

ஒலிதான் பெரிய சிக்கல். கடற்காற்று கைபேசியின் மைக்கில் இரைச்சலாக விழுகிறது. இன்னொரு கைபேசியைக் கைக்குட்டையில் சுற்றி, பலகைக்கு மிக அருகில் வைத்து ஒலியைத் தனியே பதிவு செய்தோம். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒரு மாணவர் கேமரா முன் கைதட்டுவார். படத்தில் கைகள் சேரும் நொடியும் ஒலியில் தெரியும் கூர்முனையும் ஒன்றானால் இரண்டும் பொருந்திவிட்டன என்று பொருள். திரைத்துறையில் கிளாப் பலகை செய்யும் வேலையும் இதுவே.

படத்தொகுப்புக்கு ஓப்பன்ஷாட் என்னும் கட்டணமில்லா மென்பொருள் போதுமானதாக இருந்தது. ஓர் எச்சரிக்கை: கைபேசிகள் நொடிக்கு இத்தனை சட்டகம் என்று சீராகப் பதிவு செய்வதில்லை. அப்படியே தொகுத்தால் போகப்போக ஒலி விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நொடிக்கு 25 சட்டகம் என நிலையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் அதிகம் வியந்தது வெட்டும் இடத்தில்தான். 1920களை ஒட்டிய காலத்தில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனையை நாங்களும் செய்து பார்த்தோம். மாணவியின் சலனமற்ற முகத்தை அடுத்து உப்புக் குவியலை வைத்தோம். பெருமிதம் தெரிகிறது என்றார்கள். அதே முகத்தை அடுத்து கார்மேகத்தை வைத்தோம். வகுப்பு அமைதியானது. “மழை வந்தா அம்மாவுக்கு வேலை இல்ல, அதான் பாக்குறா” என்றான் ஒரு மாணவன். முகம் மாறவில்லை, அடுத்த காட்சி மாறியது, அவ்வளவுதான். அந்த மேகமே எங்கள் தொடக்கத்தின் இறுதிக் காட்சி ஆனது.

பின்னணி இசை வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். திரைப்பாடல்களைப் பயன்படுத்தப் பதிப்புரிமை இடம் தராது என்பது ஒருபுறமிருக்க, எனக்கு அது தேவையென்றே படவில்லை. கருந்திரையில் பலகை உராயும் ஒலி முதலில் கேட்கிறது. நான்கு நொடி கழித்தே கை தெரிகிறது. காட்சிக்கு முன் ஒலி வருவதைத் தொகுப்பாளர்கள் ‘ஜே கட்’ என்பார்கள்.

முடிவில் ஒரு நிமிடம் ஐம்பது நொடி. முதலில் மாணவியின் தாய்க்குத்தான் போட்டுக் காட்டினோம். இரண்டாம் முறை போடச் சொல்லி, ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். பலகையைப் பிடித்திருக்கும் அந்தக் கை தன்னுடையதன்று, பக்கத்துப் பாத்திக்காரருடையது என்றார். அந்தக் காட்சியை அவரிடமும் கேட்டு அனுமதி பெற்ற பிறகே படத்தில் வைத்திருக்கிறோம். மீதிப் படத்தை மழைக்காலம் முடிந்து, தை பிறந்து, புதிதாகப் பாத்தி கட்டும்போது எடுக்க வேண்டும்.