வாசகருக்குக் கடுக்காய் கொடுப்பது எப்படி?

‘போலீசாருக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டுத் திருடன் தப்பினான்.’ இந்த வரியைப் படித்தபோது உங்கள் வாயில் ஏதாவது நடந்ததா? நடந்திருக்காது.

இப்போது இதைப் படியுங்கள். ஒரு பையன் கடுக்காயை உடைத்து, கொட்டையை எறிந்துவிட்டு, தோலில் நகமளவு கிள்ளி வாயில் போட்டு மெல்கிறான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கன்னத்தின் உட்புறம் இழுத்துக்கொள்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. விழுங்கப் பார்க்கிறான், விழுங்க எச்சில் இல்லை.

இந்த முறை உங்கள் நாக்கு ஒருதரமாவது புரண்டிருக்கும். இரண்டு இடத்திலும் அதே கடுக்காய்தான். ஒன்று செத்துக் கிடக்கிறது, மற்றது வாய்க்குள் வேலை செய்கிறது. கதை எழுதப் பழகுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இந்த வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கடுக்காயைத் தேடிக் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன் மலையின் முக்கிய ஊர் அது. இந்த மலைக்காட்டில் கடுக்காய் மரங்கள் உண்டு. மலையாளி பழங்குடி மக்கள் காயைப் பொறுக்கி, காயவைத்து விற்கிறார்கள். நாட்டு மருந்துக்குப் போவது போக, தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் கடுக்காய் காலங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

ஆட்டுத்தோலைப் பதனிடுவதும் பையனின் வாயை இழுப்பதும் ஒரே பொருள்தான்: டானின். புரதத்தைக் கண்டால் அது பற்றிக்கொள்ளும். நம் எச்சிலில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் இருக்கின்றன. டானின் அவற்றைப் பிடித்துத் திரட்டிவிட, வழுவழுப்பு போய் நாக்கும் அண்ணமும் உராய்கின்றன. துவர்ப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த உராய்வு. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணினாலும், உடம்பைப் பொறுத்தவரை அது சுவையைவிடத் தொடுவுணர்ச்சிக்கு நெருங்கிய உறவு. அதனால்தான் ‘துவர்ப்பாக இருந்தது’ என்று எழுதினால் செய்தி மட்டும் போய்ச் சேர்கிறது. ‘நாக்கு ஒட்டிக்கொண்டது’ என்றால் வாயே போய்ச் சேர்கிறது.

இதை எழுத்தாளர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வந்த பிறகு அறிவியலும் தன் பங்குக்குச் சிலவற்றைக் காட்டியிருக்கிறது. 2006இல் ஸ்பெயினில் ஹூலியோ கொன்சாலெஸ் குழுவினர், எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு வெறும் சொற்களைக் காட்டினார்கள். பட்டை, பூண்டு, மல்லிகை போன்ற மணமுள்ள சொற்களைப் படித்தபோது, மணம் சாராத சொற்களுக்கு இல்லாத அளவில், மூளையின் முகரும் பகுதிகள் விழித்துக்கொண்டன. அந்த அறையில் பூண்டும் இல்லை, மல்லிகையும் இல்லை.

2002இல் ரோல்ஃப் ஸ்வானும் அவர் கூட்டாளிகளும் செய்த சோதனை இன்னும் எளியது. ‘வனக்காவலர் வானத்தில் கழுகைப் பார்த்தார்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம். ‘கூட்டில் கழுகைப் பார்த்தார்’ என்று இன்னொன்று. படித்தவுடன் ஒரு படத்தைக் காட்டி, அதிலுள்ளது வாக்கியத்தில் வந்ததா என்று கேட்டார்கள். வானம் என்று படித்தவர்கள் சிறகு விரித்த கழுகை விரைவாக அடையாளம் கண்டார்கள். கூடு என்று படித்தவர்கள் சிறகு மடித்த கழுகை. இத்தனைக்கும் சிறகைப் பற்றி வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை. இடத்தைச் சொன்னதும் சிறகை வாசகரே விரித்துக்கொண்டார் அல்லது மடித்துக்கொண்டார். அவரால் செய்ய முடிந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம் என்பது இதில் எழுதுகிறவருக்கான பாடம்.

சரி, ‘போலீசாருக்குக் கடுக்காய்’ ஏன் வேலை செய்யவில்லை? ருத்விக் தேசாய் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. உடலசைவுச் சொற்களை உருவகமாக ஆளும் வாக்கியங்களைப் படிக்கும்போது, அந்த அசைவோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளும் பங்கெடுக்கின்றன. ஆனால் உருவகம் பழகப் பழக அந்தப் பங்கு குறைகிறது. ‘மனம் கல்லாயிற்று’, ‘இடி விழுந்தது போல’, ‘கண்கள் குளமாயின’ எல்லாம் இப்படித் தேய்ந்துபோனவை. பொருள் விளங்குகிறது, உடம்பு எழுந்திருப்பதில்லை.

இந்தக் கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு பெயர் பிணைந்த ஒருவர், வாசகரின் உடம்பை எழுப்பும் வித்தையை முழுதாகச் செய்து காட்டியிருக்கிறார். திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பார்கள். வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளை மலையமான் குடியில் சேர்த்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்த செய்தியை, அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது.

அந்தக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி. பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் என்ன என்று காட்டப் பாடியது என்பது பாட்டின் அடிக்குறிப்பு தரும் செய்தி. அப்படியானால் நமக்குத் தெரிந்த மிகப் பழைய படைப்பெழுத்துப் பட்டறையில் மாணவர் ஒரே ஒருவர்!

அதில் 99 பூக்களின் பெயர் வருவதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். காந்தள், குறிஞ்சி, வெட்சி, ஆவிரை, கொன்றை, வேங்கை என்று நீள்கிறது பட்டியல். ஏன் இத்தனை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பேசுவது யார் என்று பாருங்கள். தலைவி மெலிந்து கிடக்கிறாள். காரணம் தெரியாமல் தவிக்கும் செவிலித்தாயிடம் தோழி உண்மையைச் சொல்லியாக வேண்டும். தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போனோம், அருவியில் ஆடினோம், பூப்பறித்துப் பாறையில் குவித்தோம் என்று தொடங்குகிறாள். அடுத்துச் சொல்ல வேண்டியது, ஒருவன் வந்தான் என்பது. அதற்கு முன்னால்தான் 99 பூக்கள்! சொல்லத் தயங்குகிற ஒருத்தி, சொல்லவேண்டிய இடத்துக்கு வராமல் பூவைப் பூவாக எண்ணிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. காவலில்லாமல் அவர்கள் கழித்த பொழுது எவ்வளவு நீளம் என்பதும் அந்தப் பட்டியலின் நீளத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆக, அது மலைவளம் காட்டும் பட்டியலாக நின்றுவிடாமல் தோழியின் மனத்தையும் காட்டுகிறது.

தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியவை கருப்பொருள். மனித உணர்வு உரிப்பொருள். உரிப்பொருளை நேராக நீட்டாமல் கருப்பொருள் வழியாக வரச்செய்வதே சங்கக் கவிதையின் உத்தி. மூளை ஆய்வுகள் காட்டுவதும் அதற்கு ஒத்துப்போகிறது. சோகம் என்ற சொல்லைவிட, சோகத்தில் இருப்பவள் கையிலுள்ள பொருள் வாசகரை விரைவாகத் தொடும்.

வெள்ளிமலையில் இறங்கும் ஒரு கதாபாத்திரத்தை வைத்து இதைப் பழகிப் பார்க்கலாம். ‘மலை பசுமையாக இருந்தது’ என்று தொடங்காதீர்கள். அவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சென்னையிலிருந்து வந்த சுற்றுலாக்காரருக்கு அது வெறும் பச்சை. அங்கேயே சாமை விதைக்கிறவர் கதிர் முற்றிவிட்டதா என்று பார்ப்பார். மரவள்ளி வாங்க வந்த வியாபாரியின் கண் செடியைத் தாண்டி மண்ணுக்குள் இருக்கும் கிழங்கின் எடைக்குப் போகும். மலை ஒன்றுதான், கருப்பொருள் மூன்று. ஒருவர் கண்ணில் படக்கூடியதை இன்னொருவர் கண்ணில் வைத்தால் கதை அங்கே பொய்யாகிவிடும்.

அடுத்தது பெயர். ‘ஏதோ ஒரு மரம்’ என்று எழுதுகிற இடத்தில், அந்த ஊர்க்காரர் அதை என்ன பெயரிட்டு அழைக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த நாவலாசிரியர் கண்மணி குணசேகரன், இந்த வட்டாரப் பேச்சைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ என்று ஒரு நூலே போட்டார். கரிசலுக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் அதையே செய்திருக்கிறார்கள். மூன்று நாவலாசிரியர்கள் அகராதிக்காரர்களாக மாறியது தற்செயலாக இருக்க முடியாது.

ஆனால் பெயர் தெரிந்துவிட்டதே என்று கொட்டிவிடக் கூடாது. 99 பூக்கள் கபிலருக்குச் செல்லும், தோழிக்கு அங்கே தயக்கம் இருந்ததால். காரணம் இல்லாத இடத்தில் மூன்றாவது பூவிலேயே வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூளைப் படத்தில் ஒரு பகுதி விழித்ததால் கதை நல்ல கதை என்று ஆகிவிடாது. மனக்கண்ணில் படமே தோன்றாத மனிதர்களும் உண்டு. பிரிட்டன் நரம்பியலாளர் ஆடம் ஸீமன் 2015இல் அதற்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயர் வைத்தார். அவர்களிலும் நாவலை விரும்பிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். படம் மட்டுமே கதை ஆகாது. அடுத்து என்ன என்ற கேள்வியும், யாருக்கு என்ன ஆகுமோ என்ற கவலையும் சேர்ந்ததுதான் கதை.

அடுத்த கதையை எழுதி முடித்ததும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பழகித் தேய்ந்த கடுக்காய் எத்தனை இடத்தில் கிடக்கிறது? ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, நாட்டு மருந்துக் கடைக்குப் போய் உண்மையான கடுக்காயை வாங்கிக் கடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.