சோற்றை எடுத்தால் இலையில் என்ன வைப்பது?

என் அக்கா மகனுக்கு வந்திருப்பது குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்தான் என்று உறுதியானது வரை சென்ற வாரம் எழுதியிருந்தேன். மருந்து தொடங்கி வயிற்றோட்டம் கொஞ்சம் மட்டுப்பட்டதும் அவன் தானாகவே ஒரு பத்தியத்தில் இறங்கத் தயாரானான். வெளிநாட்டில் இருக்கும் நண்பன் அனுப்பிய பட்டியல் அது. அரிசி கூடாது, கோதுமை கூடாது, எந்தத் தானியமும் கூடாது. மரச்சீனி, சேனை, சேம்பு, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. பால், சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி கூடாது. ஒரு வருடமாவது இம்மி பிசகாமல் இருக்க வேண்டும்.

நாகர்கோவில் பக்கத்து வீடொன்றில் இந்தப் பட்டியலை அடுக்களையில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் கருப்பட்டிக் காப்பி, புட்டு அல்லது ஆப்பம். உச்சைக்குச் சோறும் மீன்கறியும் துவரனும். அந்திக்கு மரச்சீனியை அவித்துச் சாளைக்கறி ஊற்றிச் சாப்பிடுவது. எல்லாமே பட்டியலில் அடிபட்டுப் போயிற்று. ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சோறும் வேண்டாம், கிழங்கும் வேண்டாம்னா பிள்ளை என்னத்தைத் திங்கும்?"

அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கிற பையன். குரோன்ஸ் நோயில் உடம்பு கரைவதற்குக் காரணம் பேதி மட்டுமில்லை. சிறுகுடலின் கடைக்கோடி வீங்கிப் புண்ணாகிக் கிடக்கும்போது தின்பதும் உடம்பில் சேராது. பி12 வைட்டமினை உடம்பு உறிஞ்சிக்கொள்வதே அந்தக் கடைக்கோடியில்தான். இப்படிப்பட்டவனின் இலையிலிருந்து இருப்பதையும் எடுக்கச் சொன்னால், எடுக்கச் சொல்பவருக்கு வலுவான காரணம் இருந்தாக வேண்டும்.

காரணத்தைத் தேடிப் போனால் கதை நியூயார்க்கில் தொடங்குகிறது, அதுவும் வாழைப்பழத்தில். சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் 1924-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சீலியாக் நோயால் வயிறு உப்பிப் பேதியாகி மெலிந்து செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மாவுப் பொருளை அடியோடு நிறுத்திவிட்டு வாழைப்பழம் கொடுத்தார், குழந்தைகள் தேறின. வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருப்பதாகவே உலகம் நம்பியது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது. வில்லெம் டிக்கே என்ற மருத்துவரின் சீலியாக் குழந்தைகள் அப்போது தேறினார்கள்; ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. குற்றவாளி கோதுமை என்பதை 1950-இல் அவர் தன் ஆய்வேட்டில் எழுதினார். ஹாஸ் கண்ட பலன் உண்மையானது. ஆனால் அவர் விலக்கியவற்றில் பெரும்பாலானவை அந்தக் குழந்தைகளுக்கு ஒரு தீங்கும் செய்யாதவை.

எலைன் காட்ஷால் என்ற பெண்மணியின் மகளுக்குப் பெருங்குடல் புண் நோய். மருத்துவர்கள் அறுவை என்று சொன்ன நிலையில், 1950-களின் பிற்பகுதியில், வயோதிகரான ஹாஸிடம் மகளைக் கொண்டு போனார். அவருடைய பத்தியத்தில் மகள் குணமடைந்தாள். அந்தத் தாய் பிறகு உயிர்வேதியியல் படித்து, அந்தப் பத்தியத்தைக் குடல் நோய்களுக்கென்று விரித்து நூலாக எழுதினார். செரிக்காத மாவு குடல் கிருமிகளுக்குத் தீனியாகிறது, கிருமிகளின் கழிவு குடலைப் புண்ணாக்குகிறது, புண்ணான குடலால் மாவைச் செரிக்க முடிவதில்லை என்பது அவர் விளக்கம். எங்கள் வீட்டுக்கு வந்த பட்டியல் இதுதான். எஸ்.சி.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மகளுக்காக ஒரு தாய் எடுத்த பாட்டை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. அது வேறு, நம் பிள்ளைக்கு அது பொருந்துமா என்பது வேறு.

அந்தப் பட்டியலில் இனிப்பு என்று அனுமதி பெற்றவை முக்கியமாக இரண்டுதான்: தோலில் கறுப்புப் புள்ளி விழும்வரை பழுத்த வாழைப்பழம், தேன். இரண்டுக்கும் எங்கள் மாவட்டத்தில் குறைவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் இந்த மண்ணுடையது. மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் ஒய்.எம்.சி.ஏ. மூலம் நடத்திய கிராமப் பணியில் வேரூன்றிய தேனீ வளர்ப்பு இன்னும் ரப்பர்த் தோட்டங்களுக்குள் நடக்கிறது. அதே சமயம், கைக்குழந்தைகளுக்கு நாங்கள் காய்ச்சிக் கொடுக்கும் ஏத்தங்காய்ப் பொடி இந்தப் பத்தியப்படி விலக்கு, ஏனென்றால் பழுக்காத காய் முழுக்க மாவு. டாக்காவில் விடாத பேதியுள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயைக் கொடுத்துப் பார்த்து, பேதி குறைந்ததை 2001-இல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகளின் நோய் வேறு என்பது உண்மை. ஆனாலும் மாவு என்றாலே குடலுக்குப் பகை என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் காண்கிறது.

சோதித்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் 194 குரோன்ஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு எஸ்.சி.டி., மறு பகுதிக்கு மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். பின்னதில் தானியம் உண்டு, பயறு உண்டு, மீன் உண்டு. 2021-இல் முடிவு வந்தது. ஆறு வாரத்தில் தொந்தரவு அடங்கியவர்கள் முதல் கூட்டத்தில் 46.5 சதவீதம், இரண்டாவதில் 43.5 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவு கடுமையாக விலக்கியதற்குத் தனியாக ஒரு கூலியும் கிடைக்கவில்லை.

இஸ்ரேலின் ஆரி லெவின் குழு 2019-இல் வெளியிட்டது இன்னொரு பத்தியம். குழந்தைகளிடம் சோதித்தது. தொடக்கத்தில் பாதி உணவு மருத்துவச் சத்துப்பானம், மீதி வீட்டுச் சாப்பாடு. பன்னிரண்டாவது வாரம் முடியும்போது முக்கால்வாசிக் குழந்தைகள் ஸ்டீராய்டு இல்லாமல் நோயடங்கி இருந்தார்கள். அதில் தினமும் கட்டாயம் தின்ன வேண்டியவற்றில் கோழியும் முட்டையும் வாழைப்பழமும் வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கும் இருந்தன. அரிசிக்கும் அனுமதி! விலக்கியது கோதுமை, பால், பாக்கெட்டில் வருகிற பண்டங்கள், அவற்றைக் கெட்டியாகவும் வழவழப்பாகவும் வைத்திருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள்.

எஸ்.சி.டி.யையும் லெவின் பத்தியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரிசியிலும் உருளைக்கிழங்கிலும் நேர் எதிராக நிற்கின்றன. வாழைப்பழத்திலும் பாக்கெட் தீனியிலும் ஒத்துப்போகின்றன. இந்தியா உள்ளிட்ட 21 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்த ஆய்வொன்று, ஆலையில் பதப்படுத்திய உணவு கூடக்கூடக் குடல் அழற்சி நோயும் கூடுவதை 2021-இல் காட்டியது. ஆகவே அடுக்களையிலிருந்து முதலில் வெளியேற வேண்டியது சாக்கு அரிசியல்ல. பையன் கல்லூரி விடுதியில் இரவு தின்று பழகிய உடனடி நூடுல்ஸும் கிரீம் பிஸ்கட்டும் குளிர்பானமும்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய அரசே நிதி ஒதுக்கியிருக்கிற காலம் இது. பழைய சோறு இந்த நோய்க்கு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. நாமாகவே அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவசரம் எதுவும் இல்லை என்கிறேன்.

இந்த மாவட்டத்தில் வயிற்று நோய்க்குச் சாப்பாட்டைக் குற்றம் சொன்ன பழைய வழக்கு ஒன்று உண்டு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடிந்த கையோடு வந்தவர் ஹோவர்ட் சாமர்வெல். இத்தனை ஜனத்துக்கு ஒரே அறுவை மருத்துவர் இருப்பதைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை விட்டு இங்கே தங்கிவிட்டார். அவர் மேசைக்கு வந்தவர்களில் முன்சிறுகுடல் புண்காரர்கள் ஏராளம். அவரும் உடன் பணியாற்றிய ஆர் என்ற மருத்துவரும் 1936-இல் பிரிட்டிஷ் அறுவை இதழொன்றில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். திருவிதாங்கூர் ஏழைகள் தின்னும் மரச்சீனிச் சாப்பாட்டைக் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்குக் கொடுத்தார். பல எலிகளுக்கு இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் வந்தது. மரச்சீனிக்கு அப்படியொரு கெட்ட பெயர்.

பிறகு 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் இந்தப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசு. நெய்யூரில் கத்தி வைக்க வேண்டியிருந்த நோய்க்கு இன்று மாத்திரை போதும். மெக்கரிசனின் எலிகள் பொய் சொல்லவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது ஊட்டக்குறையைத்தான். கிழங்கை மட்டுமே தின்று பாலும் முட்டையும் கீரையும் காணாத வயிறு நோயைத் தாங்காது என்பதுதான் அந்தக் கூண்டுகளில் தெரிந்தது. இலையில் இருந்த கிழங்கைவிட இலைக்கு வராத மற்றவை செய்த கேடு பெரிது. இன்று பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தும் நோயாளி, வசதியிருந்தும் அந்த ஏழையின் இலைக்கே போய்ச் சேருகிறான். எனக்குப் பயம் அதில்தான்.

டாக்டரையும் உணவியல் நிபுணரையும் வைத்துக்கொண்டு நாங்கள் பேசினோம். பையன் முதலில் முறைத்தான். "மாமா, எல்லாத்தையும் விட்டாதான் எது ஒத்துக்கலைன்னு தெரியும்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. நிபுணர் அவனுடன் தர்க்கம் செய்யவில்லை. எடுப்பதற்கு எதிரே வைப்பதையும் எழுதச் சொன்னார். ஒரு பொருளை விலக்கினால், அதே அளவு சோறோ சத்தோ தரும் இன்னொன்று எதிரே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத முடியாவிட்டால் விலக்கக் கூடாது.

அப்படித் தேறியது இது. குழைய வேகவைத்த சோறு இருக்கும். கோதுமை இப்போதைக்கு இல்லை. காலைப் புட்டுக்குப் பதில் இட்டிலி, கூடவே அவித்த ஏத்தம்பழம், முட்டை. பால் இல்லை, வீட்டில் உறையூற்றி நன்றாகப் புளித்த தயிர் சிறிது. கருப்பட்டிக் காப்பி நின்றது, ஆச்சிக்கு அது பெரிய வருத்தம். மரச்சீனியைச் சில வாரம் தள்ளி வைத்தோம். நார் மிகுந்ததால்தான், மாவு என்பதற்காக அல்ல. சாளை, அயிலை, நெத்திலி எதுவும் பொரிக்காமல், காந்தாரி மிளகாய் போடாமல், குழம்பிலோ ஆவியிலோ. தேங்காயில்தான் நெடுநேரம் பேச வேண்டி வந்தது. அவன் குடலில் ஓரிடம் சுருங்கியிருக்கிறது. சுருங்கிய இடத்தில் தேங்காய்த் துருவல், முருங்கைக்கீரைக் காம்பு, கொய்யா விதை, பயற்றுத் தோல் போய் அடைத்தால் ஆஸ்பத்திரியில்தான் முடியும். ஆகவே துருவல் போட்ட துவரனும் அவியலும் அவனுக்கு இல்லை. பிழிந்த தேங்காய்ப்பாலில் பூசணி, தடியங்காய், தோல் சீவிய கேரட் வேகவைத்துக் கொடுக்கலாம். தேங்காயை ஒதுக்காமல் சக்கையை மட்டும் ஒதுக்கியதால் அக்காவுக்குச் சமையல் கை வந்தது. சுருக்கம் இல்லாதவர்களுக்கு இந்த விலக்கு வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டு நோயாளியின் பத்தியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

மருந்தில் கை வைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடரைப் படித்துவிட்டு எழுதியவர்களில் சிலர் பத்தியத்தில் சுகம் கண்டதும் நோயை அடக்கும் அசத்தியோப்ரின் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியபின் நோய் பாய்ந்து வரும்போது பழைய மருந்து பழையபடி கேட்கும் என்று உறுதியில்லை. நம் நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடல் காசநோயும் குரோன்ஸும் ஸ்கேனிலும் உள்நோக்கியிலும் ஒன்றுபோலவே தெரியும். காசநோய் இல்லை என்று மருத்துவர் தீர்க்கும் முன்பு பத்தியம் வைத்துப் பேதியை அடக்கிக்கொண்டு நாளைக் கடத்தினால், சதைப் பரிசோதனைக்குப் போக வேண்டிய மாதங்கள் வீணாகும். மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றோட்டம், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதலில் மருத்துவர், பட்டியல் அப்புறம்.

எடை ஏறுகிறதா என்று ஞாயிறுதோறும் பார்க்கிறோம். குறைந்தால் பத்தியம் தளரும் என்று முன்னாலேயே பேசி வைத்திருக்கிறோம். ஹீமோகுளோபின், ஆல்புமின், பி12, டி வைட்டமின் எல்லாம் தொடங்கும்போதே பார்த்துக் குறித்தாயிற்று. தள்ளி வைத்தவை ஒவ்வொன்றாகத் திரும்பும். ஒன்றைச் சேர்த்து மூன்று நாள் பார்த்த பிறகே அடுத்தது. பையனுக்கு வலி குறைந்திருக்கிறது. ஆனால் வலி குறைவதும் உள்ளே புண் ஆறுவதும் வேறு வேறு. அதற்கு மலத்தில் கால்புரோடெக்டின் அளவு பார்க்க வேண்டும். மாதிரி கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வருகிறது. பந்தியில் உட்கார்ந்து இலையில் விழுகிறதை ஒதுக்குவது எப்படி, அதைவிட, ஏன் தின்னவில்லை என்று கேட்கும் நூறு பேருக்குப் பதில் சொல்வது எப்படி என்று அவன் இப்போதே கவலைப்படுகிறான். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.