காய்களைத் தொடாமல் சிந்திக்கக் கற்பித்தவர்

நிலத்தில் கோடு கீறி, கல் வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடிய எமக்குச் சதுரங்கம் அந்நியமானதல்ல. கட்டங்கள்தான் 64. பழைய காணியையும் பாடசாலையையும் விட்டு வந்த பிள்ளைகள் புது இடத்தில் பின்தங்கிவிடுவார்களோ என்று கவலைப்படும் பெற்றோருக்காக, இம்முறை சென்னையைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் வாழ்க்கையைச் சொல்கிறோம்.

ஆர். பி. ரமேஷ் 1976இல் பிறந்தவர். விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான 1988ஆம் வருடத்தில்தான், 12 வயதில், அவர் சதுரங்கம் பழகத் தொடங்கினார். இந்த ஆட்டத்துக்கு அது பிந்திய வயது. ஆயினும் 2002இல் பிரித்தானிய சம்பியனானார். 2003இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியன் ஒயில் நிறுவனத்தில் நிரந்தர உத்தியோகமும் இருந்தது. அதை விட்டு விலகி, 2008இல் மனைவி ஆர்த்தியுடன் 'செஸ் குருகுலம்' என்ற பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தார். மாதச் சம்பளத்தை உதறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது நிலையான வருமானம் இல்லாத எமக்கு விளங்கும்.

அவருடைய பயிற்சி கடினமானது. பலகையில் ஒரு நிலையை வைத்துவிட்டால் மாணவன் காயைத் தொடக்கூடாது. நான் இப்படி நகர்த்தினால் எதிரி என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன் என்று மனதுக்குள்ளேயே பார்க்கவேண்டும். விதைக்குமுன் குளத்துத் தண்ணீரைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது புதினமல்ல.

அவரிடம் பல வருடங்கள் பயின்றவர் பிரக்ஞானந்தா. தகப்பனார் வங்கி ஊழியர். அக்கா வைஷாலியைத் தொலைக்காட்சியிலிருந்து திருப்பவே வீட்டில் சதுரங்கம் பழக்கினார்கள், தம்பியும் ஒட்டிக்கொண்டான். 2016இல், 10 வயதில், சர்வதேச மாஸ்டரானான். அந்த வயதில் அதுவரை எவரும் அப்பட்டம் பெற்றதில்லை.

சோதனையும் அங்கேதான் தொடங்கியது. 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டரான கர்யாகினின் சாதனையை முறியடிக்க 2018 மார்ச் வரை அவகாசம் இருந்தது. பத்திரிகைகள் நாள் எண்ணின. பட்டத்துக்குக் கடும் போட்டிகளில் மூன்று தகுதிகள் பெறவேண்டும். தவணை முடிந்தபோது பிள்ளையின் கையில் இருந்தது ஒன்றே. 'தவறவிட்டாயே' என்ற சொல் ஒரு சிறுவனை முடக்கிவிடும். ஆனால் ஏப்ரலில் கிரேக்கத்தில் இரண்டாவது தகுதியும் ஜூனில் இத்தாலியில் மூன்றாவதும் கிடைத்தன. ஆசிரியர் பழகத் தொடங்கிய அதே 12 வயதில் மாணவன் கிராண்ட்மாஸ்டரானான். எம்மைக் கேட்டால், ரமேஷின் உழைப்புக்குச் சாட்சி பின்னால் வந்த கோப்பைகளல்ல, தவணை தவறிய பின்னான அந்த மூன்று மாதங்களே.

பின்னர் 2022 சென்னை ஒலிம்பியாட்டில் ரமேஷ் பயிற்றுவித்த இந்திய 'பி' அணி வெண்கலம் வென்றது. பிரக்ஞானந்தாவும் அதில் ஆடினார். 2023 உலகக் கிண்ண இறுதியில் கார்ல்சனிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றார். தாயார் நாகலட்சுமி சோறு சமைக்கும் மின்பானையுடன் வெளிநாடுகளுக்குக் கூடவே போனவர். ரமேஷிடமே பயின்ற வைஷாலியும் கிராண்ட்மாஸ்டரானதால், உலகில் அப்பட்டம் பெற்ற முதல் அக்கா தம்பி இவர்களே.

பலகை வாங்க வசதியில்லாத வீடுகளில் ஓர் அட்டையில் 8க்கு 8 கட்டம் கீறலாம். இரண்டு நிறத்தில் பதினாறு பதினாறு சோடா மூடிகள் எடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் எட்டில் சிப்பாய் என்றும், மிகுதியில் ராஜா, ராணி, இரண்டு மந்திரி, இரண்டு குதிரை, இரண்டு கோட்டை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.