இடுப்பு விழுந்த ஆடு

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் ஆடு வளர்ப்போரைத் திகைக்க வைக்கும் நோய் ஒன்றுண்டு. முதல்நாள் மாலைவரை துள்ளித் திரிந்த ஆடு, மறுநாட் காலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடக்கும். காய்ச்சல் இராது, காயம் இராது. குழையை நீட்டினால் ஆவலோடு தின்னும், அசைபோடும், வீட்டாரைக் கண்டால் கத்தும். எழும்ப மட்டும் முடியாது. சில ஆடுகளுக்குக் கழுத்தும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கண்ட ஆடும் அப்படித்தான் கிடந்தது. குட்டியிலேயே தாயை இழந்து, அந்த வீட்டுச் சிறுமியின் கையால் போத்தற்பால் குடித்து, அடுப்பங்கரைச் சாக்கில் படுத்து வளர்ந்த பெட்டையாடு. தாவீது அரசனிடம் நாத்தான் சொன்ன கதையில் வரும் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை லயங்களில் அடிக்கடி காணலாம். அது பிள்ளைக்குத் தோழி, வீட்டாருக்கு வங்கிக் கணக்கு.

"நேத்து அந்திவரைக்கும் நல்லாத்தான் மேஞ்சிச்சு சாமி, யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றார் தாய். பாட்டி மந்திரித்த நூலொன்றைக் கழுத்தில் கட்டியிருந்தார். பாம்பு தீண்டியிருக்கும் என்றார் ஒருவர். இடுப்பில் சூடு வைக்கவேண்டும் என்றார் இன்னொருவர். இறைச்சிக்காரர் விலை பேசவும் வந்துவிட்டார். சிறுமி ஆட்டின் தலையை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நோயின் மூலம் ஆட்டில் இல்லை, மாட்டில் இருக்கிறது. மாடு, எருமைகளின் வயிற்றறையில், குடலுக்கு வெளியே, வெள்ளை நூல் போன்ற சில சென்டிமீற்றர் நீளப் புழுக்கள் வாழ்வதுண்டு. செட்டாரியா டிஜிடாட்டா என்பது அவற்றின் பெயர். மாட்டுக்கு அவற்றால் பெரிதாகக் கேடில்லை. ஆனால் அவற்றின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் ஓடும். அந்த இரத்தத்தை உறிஞ்சும் நுளம்பின் உடலில் அவை சில நாட்கள் வளரும். பின்பு அதே நுளம்பு ஆட்டைக் கடிக்கும்போது ஆட்டினுள் புகும். ஆடு அவற்றுக்குப் பழகிய வீடல்ல. வழி தவறி அலைந்து, சில வேளை முள்ளந்தண்டு வடத்துக்குள்ளும் மூளைக்குள்ளும் நுழைந்துவிடுகின்றன. அவை துளைத்துச் சென்ற இடத்தில் நரம்பு அறுபடுகிறது, கால் விழுகிறது. கடித்த நுளம்பு எப்போதோ போய்விட்டது. வாரங்கள் கழித்துத்தான் ஆடு விழுகிறது. கண்ணூறு என்று மக்கள் நினைப்பதில் வியப்பென்ன?

செம்மறியையும் குதிரையையும்கூட இது தாக்கும். ஆசிய நாடுகளில் காணப்பட்ட இந்நோயைப் பற்றி இன்னெஸ், ஷோஹோ, பெருமாள் பிள்ளை ஆகிய மூவரும் பிரித்தானிய மிருக வைத்திய சஞ்சிகையொன்றில் 1952இலேயே விரிவாக எழுதினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்செய்தி லயத்துக் கொட்டில்வரை வந்து சேரவில்லை என்பதே நமது கவலை.

மருந்து உண்டு. யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக மேல், தென், வடமேல் மாகாண மக்களுக்கு 2002 முதல் ஆண்டுதோறும் வழங்கப்பட்டதே டையெதில்கார்பமசின் என்ற மாத்திரை, அதுவே இங்கும் பயன்படுகிறது. (இலங்கை யானைக்காலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது.) ஐவர்மெக்டின் ஊசியும் உண்டு. அதைக் கண்டறிந்த ஓமுரா, கேம்பல் இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. எதை, எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது என்பதை மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மருந்து கொடுத்த ஆட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து புழுவைத்தான் அடக்கும். அறுந்த நரம்பை ஒட்டவைக்காது. ஆகவே முதல்நாளே போகவேண்டும். நாம் சொன்ன ஆட்டை அன்று பிற்பகலே முச்சக்கர வண்டியில் ஏற்றி, ஹிந்தகல வழியாகக் கலஹா சந்திக்கு இறக்கினார்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை அங்கிருந்து தூரமில்லை. மகாவலிக்கு அக்கரையில் கன்னொருவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும், கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் இருக்கின்றன. நாட்டின் கால்நடை அறிவெல்லாம் கூடியிருக்கும் ஊருக்குச் சில மைல் மேலே நாம் நூல் கட்டிக்கொண்டிருக்கிறோம். இதைச் சிரித்துச் சொல்லவில்லை. வண்டிக் கூலி அத்தாயின் ஒருநாட் சம்பளத்தையே விழுங்கிவிடுகிறது.

எச்சரிக்கை ஒன்று. ஆட்டுக்கு வாயில் நுரை தள்ளினாலோ, ஓயாமல் கத்தினாலோ, முட்டவும் கடிக்கவும் வந்தாலோ, விழுங்க முடியாமல் தவித்தாலோ அது விசர் நோயாக இருக்கலாம். நாயோ கீரியோ கடித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். எச்சில் பட்டிருந்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இனி வீட்டுப் பராமரிப்பு. பாதிச் சிகிச்சை இதில்தான் இருக்கிறது. விழுந்த ஆட்டைப் பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு உப்பி, மூச்சுமுட்டிச் செத்துவிடும். வைக்கோல் அடைத்த இரண்டு சாக்குகளை இருபுறமும் அண்டைகொடுத்து, நெஞ்சு தரையிற் படும்படி இருத்தவேண்டும். இரண்டு மூன்று மணிக்கொருமுறை பக்கம் மாற்றவேண்டும், இரவிலுந்தான். அந்தச் சிறுமியும் அவள் பாட்டியும் முறைவைத்து விழித்தார்கள். நூல் கட்டியவரும் அதே பாட்டிதான் என்பதை மறக்கக்கூடாது. படுக்கை நனைந்தால் உடனே மாற்றவேண்டும். மூத்திரத்தில் கிடந்தால் தோல் வெந்து, மூட்டுகளில் புண் விழும். தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில் வாய்க்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பலாக்குழையையும் கிளிரிசீடியாவையும் சிறு கட்டுகளாக முகத்துக்கு நேரே தொங்கவிடுங்கள். மருந்தையோ கஞ்சியையோ தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சாக்கில் நான்கு துளையிட்டுக் கால்களை நுழைத்து, வளையில் கட்டித் தூக்கி, காலையும் மாலையும் சில நிமிடம் நிற்கவைக்கலாம். அவ்வேளையில் பின்னங்கால்களை மெதுவாக மடக்கி நீட்டிவிடுங்கள். சூடு வைக்கவே வேண்டாம். அது உயிருள்ள தோலையும் கெடுத்துவிடும்.

ஒன்பதாம் நாள் அந்த ஆடு தள்ளாடித் தள்ளாடி எழுந்தது. இடது பின்னங்காலில் நொண்டல் இன்னும் இருக்கிறது. மேல் லயத்தில் விழுந்த இன்னோர் ஆட்டை ஐந்து நாள் காத்திருந்து கொண்டுபோனார்கள். அது எழும்பவேயில்லை.

இதற்கிடையே நாம் எதிர்பாராத தகராறு ஒன்று மூண்டது. நோய் மாட்டிலிருந்து வருகிறதென்று அறிந்ததும், "ஒங்க மாட்டாலதான் எங்க ஆடு விழுந்திச்சு" என்று பக்கத்துக் காம்பறாவோடு சண்டை தொடங்கிவிட்டது. மாட்டுக்காரரோ அதன் பாலை விற்றே மகனைப் படிக்கவைப்பவர். மாடு யாரையும் கடிக்கவில்லை என்பதை விளக்க நமக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. மூன்றாம் மாலை இரு வீட்டாரும் சேர்ந்து, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தேங்கிநின்ற கானை வெட்டிவிட்டார்கள். ஆட்டுக்கொட்டில் இப்போது லயத்தின் மறுகோடிக்கு மாறிவிட்டது. தரைக்கு மேலே பலகையடித்து, பழைய நுளம்பு வலையைச் சுற்றிலும் கட்டியிருக்கிறார்கள். அந்தி சாய்ந்ததும் இரண்டு கொட்டில்களிலும் புகை போடுவது மாட்டுக்காரரின் மகன். மழைக்காலத்துக்கு முன்னர் ஆடுகளுக்கெல்லாம் தடுப்பு மருந்து கொடுப்பது பற்றிக் கேட்பதற்காக, அடுத்த வாரம் இரு வீட்டாரும் ஒன்றாக மிருக வைத்தியரிடம் போகிறார்கள்.